ஹாண்டலின் ஆற்று இசையும் வாணவேடிக்கை இசையும்: உண்மையில் யார் காதில் விழுந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹாண்டலைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "ஹாண்டலின் வாட்டர் மியூசிக், ராயல் ஃபயர்வொர்க்ஸ் மியூசிக் இரண்டையும் அரசருக்காகத் திறந்தவெளியில் வாசித்தார்களாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அது யாருக்குக் கேட்டிருக்கும்? கோபத்தில் இருந்த அரசரைச் சமாதானப்படுத்தத்தான் முதலாவதை எழுதினார் என்பது உண்மையா?" இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இசை கேட்பதற்காக எழுதப்பட்டதா, அல்லது அரசர் பவனியின் ஓரத்தில் தைத்த ஜரிகையா? கேட்டவர் நாசூக்காகக் கேட்டிருக்கிறார்; நான் கொஞ்சம் பச்சையாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

நான் மேற்கத்திய வயலின் சொல்லிக்கொடுப்பவன். முப்பது ஆண்டுகளில் இந்த இரண்டு படைப்புகளின் பகுதிகளையும் பல முறை வாசித்திருக்கிறேன். சில முறை புல்வெளியில், துணிக்கிளிப் போட்டு இசைத்தாளைப் பிடித்து வைத்துக்கொண்டு. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து மூலக் கடிதங்களைப் புரட்டியவன் அல்லன். ஆகவே வரலாற்றைப் பற்றி நான் சொல்வதை அச்சில் வந்த ஆவணங்களைப் படித்த ஒருவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் வாத்தியம் என்ன பாடுபடும் என்பதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1717ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று இரவு எட்டு மணி அளவில் முதலாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் ஒயிட்ஹால் துறையில் படகேறினார். அன்று பெருக்கு ஏறிக்கொண்டிருந்தது. தேம்ஸ் நதியில் கடல் ஓதம் உள்ளே வரும்போது நீர் மேற்குப் பக்கமாகத் தானே நகரும். துடுப்பே போடாமல் படகுகள் செல்சி வரை மிதந்து போயின என்று இரண்டு நாள் கழித்து வந்த செய்தித்தாள் சொல்கிறது. நகர வணிகக் கழகம் ஒன்றின் படகில் ஐம்பது வாத்தியக்காரர்கள். லாம்பெத்திலிருந்து வழிநெடுக, இந்த நிகழ்ச்சிக்கென்றே ஹாண்டல் எழுதிய இசையை வாசித்தார்கள். அரசருக்கு அது மிகவும் பிடித்துப்போய், போகவும் வரவுமாக மூன்று முறை வாசிக்கச் சொன்னார். செல்சியில் பதினொரு மணிக்கு இறங்கி விருந்து, அங்கேயும் இசை, பிறகு மீண்டும் படகு. அரண்மனை திரும்பும்போது விடியற்காலை நாலரை மணி. இந்த நேரக் கணக்கில் கொஞ்சத்தைச் செய்தித்தாளும் மீதியை லண்டனிலிருந்த பிரஷ்யத் தூதர் பொனே தன் அரசுக்கு அனுப்பிய அறிக்கையும் தருகின்றன. நிகழ்ச்சியை நடத்தியவர் பாரன் கீல்மான்செக் என்றும், வாத்தியக்காரர்களுக்கு மட்டும் 150 பவுண்டு செலவானது என்றும், ஒவ்வொரு முறை வாசிக்கவும் ஒரு மணி நேரம் பிடித்தது என்றும் பொனே எழுதுகிறார். இந்தக் கடைசித் தகவல் எனக்கு மிகவும் பிடித்தது. இன்று நம்மிடம் உள்ள வாட்டர் மியூசிக்கை முழுக்க வாசித்தாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஆகிறது. முந்நூறு ஆண்டு பழைய அறிக்கையும் என் கடிகாரமும் ஒத்துப்போவதில் ஒரு சிறு மகிழ்ச்சி.

இனி அந்தக் கோபக்கதை. ஹாண்டல் 1710இல் ஜெர்மானிய நாடான ஹனோவரின் ஆட்சியாளர் அரசவையில் இசைத் தலைவராகச் சேர்ந்தார்; விடுப்பு வாங்கிக்கொண்டு லண்டன் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்; 1714இல் ஆன் அரசி இறந்ததும் அதே ஹனோவர்காரர் இங்கிலாந்தின் அரசராக வந்து இறங்கினார்; முகத்தைக் காட்ட வெட்கப்பட்ட ஹாண்டல், கீல்மான்செக் யோசனைப்படி, படகில் பின்தொடர்ந்து இசைத்து மன்னிப்பு வாங்கினார். சொல்லிப் பார்த்தால் இனிக்கிற கதை. ஹாண்டல் இறந்து ஓராண்டு கழித்து, 1760இல் வெளிவந்த முதல் வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துழைக்கவில்லை. புதிய அரசர் லண்டனுக்கு வந்த அதே 1714 செப்டம்பரில், அவர் முன்னிலையில் அரண்மனைத் தேவாலயத்தில் ஹாண்டலின் துதிப்பாடல் பாடப்பட்டது. ஆன் அரசி கொடுத்துவந்த ஆண்டுக்கு 200 பவுண்டு மானியமும் நிற்கவில்லை. ஹனோவர் வேலையிலிருந்து ஹாண்டல் 1713இலேயே விடுவிக்கப்பட்டுவிட்டார் என்பதையும், அப்போதே லண்டனிலிருந்த ஹனோவர் தூதர் வழியாக அவருடைய எதிர்காலம் ஓரளவு பேசி முடிக்கப்பட்டிருந்தது என்பதையும் பின்னால் கிடைத்த கடிதங்கள் காட்டுகின்றன. மூன்று ஆண்டுகள் ஒருவர்மேல் கோபமாக இருந்துகொண்டே அவர் இசையைக் கோயிலில் கேட்டுச் சம்பளமும் கொடுப்பது அரசர்களுக்குக்கூடக் கடினம். அதற்கு முன் ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்கலாம், அதை யாரும் முற்றிலும் மறுக்க முடியாது. ஆனால் 1717 ஜூலை இரவு சமாதானப் படலம் அல்ல.

பின் எதற்கு இந்த ஆற்றுப் பவனி? பொனேயின் அறிக்கையில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: இளவரசரும் இளவரசியும் இதில் கலந்துகொள்ளவில்லை. அந்த ஆண்டு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை கெட்டிருந்தது. மகன் வீட்டில்தான் கூட்டமும் கொண்டாட்டமும். ஆங்கிலம் சரியாகப் பேச வராத, கூட்டத்தை விரும்பாத ஐம்பத்தேழு வயது அரசர், தானும் மக்கள் கண்ணில் பட வேண்டிய நெருக்கடியில் இருந்தார். ஆறு முழுவதும் படகுகளால் நிறைந்திருந்தது என்று இரண்டு சாட்சிகளும் சொல்கின்றனர். இதை வைத்துப் பார்த்தால் மகனுக்குப் போட்டியான விழாவாகத்தான் எனக்குத் தெரிகிறது. இது ஊகம், நியாயமான ஊகம் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

யாருக்குக் கேட்டது? இங்கே என் தொழிலுக்கு வருகிறேன். மண்டபத்தில் ஒரு சுரம் வாசித்தால் சுவரும் கூரையும் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். வாசிப்பவன் பாதி வேலை செய்தால் போதும், மீதியைக் கட்டடம் பார்த்துக்கொள்ளும். வெளியில் போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிப்பானால் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும், கூடவே காற்று தன் பங்குக்கு இழுத்துக்கொண்டு போகும். முதல் முறை புல்வெளியில் வாசித்தபோது என் வில் உடைந்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன். பக்கத்து வயலின்கூடக் காதில் விழவில்லை. மாலைப் பனியில் தந்தியின் சுருதி நிலைக்காது. அன்று லண்டனில் இருந்தவை குடல் தந்திகள், ஈரத்துக்கு இன்னும் பயந்தவை. நம் ஊர்க் கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு ஏன் நாகசுரமும் தவிலும் போகின்றன, ஏன் வீணை போவதில்லை என்று யாரும் கேட்பதில்லை. சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் வெட்டவெளியைக் கிழித்துக்கொண்டு போகும். ஓபோவும் பசூனும் அதே இனம், இரட்டை நாக்குச் சீவாளி. ஓபோ என்ற பெயரின் பிரெஞ்சு மூலத்துக்கே 'உரத்த மரம்' என்று ஒரு பொருள் உண்டு. பதினான்காம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனையில் ஓபோ, டிரம்பெட், முரசுக்காரர்கள் எந்தத் துறையின் கீழ் இருந்தார்கள் தெரியுமா? குதிரை லாயத்துறை. வெளியில் வாசிப்பவர்கள் குதிரைகளோடு, உள்ளே வாசிக்கும் வயலின்காரர்கள் அரசரின் அறையோடு. நிர்வாகக் கணக்குத்தான், ஆனாலும் ஒலியியல் புரிந்த நிர்வாகம்.

ஹாண்டல் இதை நன்றாக அறிந்தவர் என்பதை வாட்டர் மியூசிக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் பார்க்கலாம். ஹார்ன்கள் ஒரு சிறு சொற்றொடரைச் சொல்கின்றன. ஓபோக்கள் அதையே திருப்பிச் சொல்கின்றன. பிறகு எல்லோரும் சேர்ந்து. அடிநாத நகர்வு நிதானம், தாளம் தெளிவு. ஒரு வரி காற்றில் தொலைந்தாலும் அடுத்த முறை வேறு வாத்தியத்தில் அதே வரி வந்து சேரும். அந்தக் கால டிரம்பெட்டிலும் ஹார்னிலும் வால்வு கிடையாது. உதட்டு இறுக்கத்தால் கிடைக்கும் இயற்கை மேல்சுரங்கள் மட்டுமே. ஆகவே டிரம்பெட் வரும் இடங்கள் டி சுருதியில், ஹார்ன் மட்டும் வரும் தொகுதி எஃப் சுருதியில். லண்டன் இசைக்குழுவில் அதுவரை ஹார்ன் அநேகமாக வேட்டைக்காரன் வீட்டுப் பொருள். அதை அரசரின் காதருகே கொண்டுவந்து நிறுத்தியது துணிச்சல்தான். தவிர, துடுப்புச் சத்தம் இல்லை, படகுகள் ஒரே வேகத்தில் மிதக்கின்றன, வாத்தியப் படகு அரசர் படகை ஒட்டியே வருகிறது. அரசருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இல்லாவிட்டால் மூன்று முறை கேட்டிருக்க மாட்டார். சுற்றி வந்த படகுக்காரர்களுக்கு ஹார்னும் ஓபோவும் கிடைத்திருக்கும். கரையில் நின்றவர்களுக்கு, காற்று மனம் வைத்திருந்தால், டிரம்பெட்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஜி சுருதியில் உள்ள நடனங்கள் புல்லாங்குழலும் ரெக்கார்டர் என்ற ஊதுகுழலும் வரும் மென்மையான பகுதிகள். இவை ஆற்றில் எடுபடாது, செல்சி விருந்தில் வாசித்தவையாக இருக்கும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நானும் மாணவர்களிடம் அப்படித்தான் சொன்னேன். ஹாண்டல் கையால் எழுதிய மூலப்படி தொலைந்துபோனதால் இதை மறுக்கவும் வழியில்லாமல் இருந்தது. 2004இல் லண்டனில் ஒரு பழைய கைப்படி அடையாளம் காணப்பட்டது. நிகழ்ச்சி நடந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டதாகக் கருதப்படுவது. அதில் ஜி பகுதிகளும் டி பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வருகின்றன. மூன்று தனித்தனித் தொகுதிகள் என்ற பழக்கமே பின்னால் வந்த வசதியாக இருக்கலாம். பொனே தரும் வாத்தியப் பட்டியலிலும் டிரம்பெட், ஹார்னோடு இரண்டு வகைக் குழல்களும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஆகவே விருந்துக் கதையை நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்ட் படகில் ஏறியதா என்று கேட்டால், பட்டியலில் அது இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

வாணவேடிக்கை இசைக்கு வருவோம். கேள்வியின் உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1748 அக்டோபரில் ஆஹன் உடன்படிக்கையோடு முடிந்தது. லண்டனில் பலருக்கு அது பெருமைப்படும்படியான சமாதானமாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட சமாதானத்துக்குத்தான் பெரிய கொண்டாட்டம் தேவைப்படும் போலிருக்கிறது. கிரீன் பார்க்கில் செர்வாந்தோனி என்ற மேடைக் கலைஞர் மரத்தாலும் வண்ணத் துணியாலும் ஒரு கிரேக்கக் கோயிலை எழுப்பினார்: 114 அடி உயரம், இருபுறச் சிறகுகளையும் சேர்த்து 410 அடி நீளம். வாணவேடிக்கைக்கு இத்தாலியிலிருந்து வல்லுநர்கள். இசைக்கு அறுபத்து நான்கு வயது ஹாண்டல்.

அப்போது அரசராக இருந்த இரண்டாம் ஜார்ஜுக்கு முதலில் இசையே வேண்டாம். இருந்துதான் ஆக வேண்டும் என்றால் போர் வாத்தியங்கள் மட்டும் இருக்கட்டும், ஃபிடில் கூடாது என்றார். இதை நாம் அறிவது பீரங்கிப் படைத்துறைத் தலைவர் மாண்டகு கோமகன் எழுதிய கடிதங்களிலிருந்து. படிக்கச் சுவையான கடிதங்கள். டிரம்பெட்டையும் ஹார்னையும் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்துவிட்டு வயலின் சேர்க்கப் பார்க்கிறார் ஹாண்டல், அரசருக்குத் தெரிந்தால் மிகவும் வருத்தப்படுவார் என்று ஒரு கடிதத்தில் புலம்புகிறார். ஒத்திகையைத் தேம்ஸின் தென்கரையிலிருந்த வாக்ஸ்ஹால் என்ற கட்டணப் பூங்காவில் நடத்த ஹாண்டல் முதலில் சம்மதிக்கவில்லை. அப்படியானால் வேறு ஒருவரிடம் இசை வாங்கிக்கொள்வோம் என்ற அளவுக்குப் பேச்சு முற்றியது. பூங்கா உரிமையாளர் ஜானதன் டையர்ஸ் தன் விளக்குகளையும் ஆட்களையும் இரவல் தர முன்வந்திருந்தார். பதிலுக்கு ஒத்திகை அவர் இடத்தில். அரசுக்குப் பெரிய சேமிப்பு. கலையின் வரலாற்றில் முக்கியமான பல முடிவுகள் இப்படி விளக்கு வாடகையில்தான் தீர்மானமாகின்றன.

ஹாண்டலின் கையெழுத்துப்படி இந்த முறை பிழைத்திருக்கிறது. அதில் உள்ள எண்ணிக்கை: 24 ஓபோ, 12 பசூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், 3 இணை டிம்பனி முரசு. பாம்புபோல் வளைந்த சர்ப்பெண்ட் என்ற வாத்தியத்தையும் எழுதிவிட்டு அடித்திருக்கிறார். வயலின்களும் மற்றத் தந்திகளும் ஓபோ, பசூன் வரிகளைச் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது, அதுவும் அடிக்கப்பட்டிருக்கிறது. எழுதியது எப்போது, அடித்தது எப்போது என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. அரசர் கட்டளைக்குப் பணிந்து அடித்தாரா, பின்னால் மண்டபக் கச்சேரிக்காகத் தந்திகளைச் சேர்த்தபோது எழுந்த குழப்பமா? எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது, ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன். ஒரு வயலின்காரனாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் அரசர் சொன்னதுதான் சரி. அத்தனை ஓபோவுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே திறந்தவெளியில் வயலின்கள் கை வலிக்க இழுத்திருப்பார்கள், கேட்டிருக்காது.

1749 ஏப்ரல் 27, நிகழ்ச்சி நாள். பெரிய முகப்பு இசை முடிந்த பிறகுதான் வாணவேடிக்கைக்குச் சைகை கொடுத்தார்கள் என்று அன்றைய செய்தி சொல்கிறது. மற்றச் சிறு நடனங்கள் எப்போது வாசிக்கப்பட்டன என்பது பதிவில் இல்லை. இன்று ராக்கெட் வெடிக்க வெடிக்க இதை வாசிக்கும் வழக்கம் நம் காலத்து ஏற்பாடு. பீரங்கிகள் மட்டும் 101. மழைத் தூறல் வேறு. ராக்கெட்டுகள் நன்றாகப் போயின, ஆனால் சுழல் சக்கரங்கள் அற்பமாக இருந்தன, மெதுவாகப் பற்றவைத்ததில் முடியும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை என்று எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தன் நண்பருக்கு எழுதினார். நடுவில் கோயிலின் ஒரு பக்க மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. தன் கட்டடம் எரிவதைக் கண்ட செர்வாந்தோனி பொறுப்பதிகாரி சார்லஸ் ஃபிரெடெரிக் மீது வாளை உருவினார். கைதாகி, மறுநாள் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். இவ்வளவு அமளியில் ஹாண்டலின் இசையைப் பற்றி வால்போல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நூறு பேர் வாசித்திருந்தாலும், மழையிலும் கூட்டத்திலும் சில நூறு அடிக்கு அப்பால் முரசும் டிரம்பெட்டும் மட்டும்தான் போயிருக்கும். கிரீன் பார்க்கில் நின்ற பெரும்பாலோர் இந்த இசையைக் கேட்கவில்லை, இசை நடக்கிறது என்பதைத்தான் கேட்டார்கள்.

அப்படியானால் கேட்டது யார்? ஆறு நாள் முன்பு, ஏப்ரல் 21 அன்று, ஹாண்டல் வேண்டாம் என்ற அதே வாக்ஸ்ஹால் ஒத்திகைக்கு வந்தவர்கள். கட்டணம் இரண்டரை ஷில்லிங்; அந்தப் பூங்காவின் வழக்கமான ஒரு ஷில்லிங்கைவிட மிக அதிகம். 12,000 பேருக்குமேல் வந்தார்கள், லண்டன் பாலத்தில் மூன்று மணி நேரம் எந்த வண்டியும் நகர முடியவில்லை என்று பத்திரிகை எழுதியது. 12,000 என்பது பத்திரிகைக்காரன் கண்ணால் அளந்த எண், அதை அப்படியே நம்பத் தேவையில்லை என்பவர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பால நெரிசலை நம்பலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் அடுத்த ஆண்டுதான் திறந்தது, நகரத்தின் நடுவில் தென்கரைக்குப் போக வண்டிகளுக்கு அந்த ஒரே பாலம்தான். வேடிக்கை பார்க்க ராக்கெட் ஒன்றும் இல்லாத அந்த நாளில், வெறும் இசைக்காகப் பணம் கொடுத்து வந்த கூட்டம் அது. பிறகு மே 27 அன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் தேவாலயத்தில், நிதி திரட்ட ஹாண்டல் நடத்திய கச்சேரியில் இதே இசையை வாசித்தார். நான்கு சுவருக்குள், இம்முறை தந்திகளோடு. அரசருக்கென்று எழுதிய இசை ஊராருக்குப் போய்ச் சேர்ந்தது இந்த இரண்டு இடங்களிலும்தான். ஆகவே ஜரிகையா என்ற கேள்விக்கு என் விடை: ஆற்றில் அது ஒருவருக்காக எழுதப்பட்டு அவருக்கு நன்றாகவே கேட்டது, பூங்காவில் எல்லோருக்குமாக எழுதப்பட்டு, அன்றிரவு மட்டும், ஜரிகையாகிப்போனது.

எந்தப் பதிவைக் கேட்கலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தந்திகளோடு வாசிக்கும் பதிவுகள் ஏராளம், குறை சொல்ல மாட்டேன், என் பிழைப்பும் அதில்தான். ஆனால் ஒரு முறையாவது காற்று வாத்தியங்கள் மட்டும் கொண்ட பதிப்பைத் தேடிக் கேளுங்கள். 'ல ரெஜுயிசான்ஸ்' என்ற மகிழ்ச்சிப் பகுதியை மூன்று முறை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் ஹாண்டல்: முதலில் டிரம்பெட்டுகளோடு, அடுத்து ஹார்ன்களோடு, கடைசியில் எல்லோரும். தந்திகள் இல்லாதபோதுதான் அந்த மூன்று நிறங்களும் பிரிந்து தெரியும். ஹாண்டல் இறந்த இருநூறாவது ஆண்டு நினைவாக 1959 ஏப்ரலில் இசை நடத்துநர் சார்லஸ் மெக்கரஸ் இதை அசல் எண்ணிக்கையை ஒட்டிப் பதிவு செய்ய முனைந்தார். 26 ஓபோக்காரர்களை லண்டனில் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஊரில் எல்லாக் கச்சேரிகளும் முடிந்த பிறகு, நள்ளிரவை ஒட்டித்தான் அவர்கள் அனைவரும் ஓய்வாக இருந்தார்கள். அந்த நேரத்தில் கூட்டி, விடிய விடிய வாசிக்க வைத்தார். இடம் மட்டும் பூங்கா அல்ல, ஒரு தேவாலயத்தின் உள்ளே.